மசி 35: புளியமரத்தடியிலிருந்து வயலுக்கு

2024 ஜூலை 6, சனி

இன்று எங்கள் பழைய உழவு மிசினை, அதாவது ட்ரக்டரை, புளியமரத்தடியிலிருந்து வெளியே எடுத்தோம். நாலு பேர் தள்ளியும் அசையவில்லை. பின் சில்லு இரண்டும் பிறேக்கில் இறுகிக் கிடந்தன. டிரம்மைச் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டி, மண்ணெண்ணெய் விட்டு, மத்தியானம் தாண்டித்தான் ஒரு சில்லு விட்டுக்கொடுத்தது. மற்றதை இழுத்துக்கொண்டே போனோம். முற்றத்து மண்ணில் நீளமாக ஒரு கோடு.

எங்கள் மிசின் மசி பேர்குசன் 35, மூன்று சிலிண்டர். அப்பப்பா வட்டக்கச்சியில் காடு வெட்டிக் காணியாக்கி, இரண்டு மூன்று போகம் நன்றாக விளைந்த பிறகு பாவித்த மிசினாக வாங்கியது. 2009 தை மாதம் வரைக்கும் ஓடியது. கடைசியாக ஓடியது வயலில் இல்லை, யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது. பின்னால் கட்டிய இழுவைப் பெட்டியில் மூன்று குடும்பமும் நெல் மூட்டைகளுமாகத் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று கிழக்கே போய், மாத்தளனில் நின்றது. அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். 2011இல் அப்பா பதிவுப் புத்தகத்தைக் காட்டி எடுத்துக் கட்டி இழுத்து வந்தபோது பற்றரி, டைனமோ, இருக்கை, முன் ரயர் ஒன்றும் அதில் இல்லை. அதன்பிறகு உழவெல்லாம் இரண்டு சில்லு லான்ட்மாஸ்டர்தான். மசி மரத்தடியில்.

வருகிற காலபோகத்துக்குப் புழுதி உழவு இந்த மிசினால்தான் என்று முடிவு. பெயின்ற் கடைசி வேலை. பெயின்ற் அடித்து, பொன்னெற்றை மினுக்கி, கோயில் வாசலில் நிறுத்திப் படம் எடுத்த மசிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கலப்பையைத் தூக்காத மிசினுக்குச் சிவப்பு நிறம் எதற்கு?

2024 ஜூலை 14, ஞாயிறு

எஞ்சின் சுற்றவில்லை. விசிறிக் கப்பியைப் பிடித்து முறுக்கினால் கல்லைப் பிடித்ததுபோல இருக்கிறது.

பரந்தனிலிருந்து அண்ணை வந்து பார்த்தார். முப்பது வருடமாக மசியோடு கிடக்கிற மனிதர். கியரில் போட்டு லொறியால் இழுத்தால் விட்டுவிடும் என்று யாரோ சொன்னதற்கு அப்பா சத்தம் போட்டார். "இழுத்தால் விடுமடா. பிஸ்டன் விடாது, கொன்றொட்தான் வளையும்." பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற தண்டுதான் கொன்றொட்.

இன்ஜெக்டர் மூன்றையும் கழற்றி, ரோச் அடித்துப் பார்த்தோம். ஒன்றாவதும் மூன்றாவதும் கறுப்பு. இரண்டாவதில் செங்கல் நிறம். காரணம் மேலே நிற்கிற புகைக்குழாய். அப்பா மிசினை நிறுத்திய கையோடு குழாய் வாயில் ரின்பால் பேணி ஒன்றைக் கவிழ்த்துவிடுவார். மழைத்தண்ணீர் குழாயால் இறங்கினால், எந்தச் சிலிண்டரின் புகை வால்வு திறந்த நிலையில் நின்றதோ அதற்குள்தான் போகும். மாத்தளனில் யார் பேணி கவிழ்க்க இருந்தது. நின்ற நேரம் இரண்டாவதின் வால்வு திறந்திருந்திருக்கிறது.

மூன்று துளைக்குள்ளும் டீசலும் பிறேக் ஒயிலும் கலந்து விட்டிருக்கிறோம். ஊறட்டும்.

2024 ஜூலை 21, ஞாயிறு

ஹெட்டைக் கழற்றியாயிற்று. ஒரு போல்ட்டும் முறியவில்லை. அதற்கு அப்பாவின் அங்குல ஸ்பானர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். இந்த மிசின் இங்கிலாந்தில் கொவென்றி நகரத்தில் செய்தது, போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர். இப்போது கடையில் கிடைக்கிற 13 ஸ்பானர் அதற்குள் போகும், பிடிப்பதுபோலவும் இருக்கும், இறுக்கித் திருப்பினால் மூலையைத் தின்றுவிடும். பிறகு அந்தப் போல்ட்டை உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். பழைய மிசின் திருத்த நினைக்கிறவர்கள் முதலில் 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 என்று ஒரு தொகுதி வாங்குங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இரண்டாவது பிஸ்டன் பாதியில் நிற்கிறது. அதன் தலையில் துரு பொருக்குக் கட்டியிருந்தது, காய்ந்த சேறுபோல நகத்தால் உரிக்கலாம்.

2024 ஜூலை 28, ஞாயிறு

பிஸ்டன் அசைந்தது.

அப்பா ஒரு பாலைக் கட்டையைச் சிலிண்டர் அளவுக்கு வட்டமாகச் சீவி வைத்திருந்தார். பாலைதான் பிளக்காது. அதைப் பிஸ்டன் தலையில் வைத்து, பெரிய சுத்தியலால் மெதுவாக, ஒரே சீராகத் தட்ட வேண்டும். கோபத்தோடு அடிக்கக் கூடாது. இருபது தட்டு, பிறகு டீசல், பிறகு தேத்தண்ணி, பிறகு இருபது. நாலு மணிவரைக்கும் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அப்பா மட்டும் லைனர் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, குனிந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அரை நூல் இறங்கியிருக்கு தம்பி." அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல். அதில் பாதி. எனக்குத் தெரியவே இல்லை. அவருக்குத் தெரிந்தது. ஆறு மணிக்கு விசிறிக் கப்பி என் கையோடு ஒரு விரற்கடை திரும்பியது.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

லைனர், பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் உள்குழாய், போய்விட்டது. இரண்டாவதில் துரு தின்ற குழிகள், விரல் வைத்தால் தெரிகிறது. மூன்றையும் மாற்றுவதென்று முடிவு.

அதற்குப் புளொக்கை இறக்க வேண்டும். காருக்கு அடியில் இருப்பதுபோல மசிக்குச் சட்டம் கிடையாது. எஞ்சின், கியர்ப்பெட்டி, பின் அச்சுப்பெட்டி மூன்றையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கியதுதான் அதன் முதுகெலும்பு. எஞ்சினைக் கழற்றினால் மிசின் இரண்டாக நிற்கும். முன்பக்கம் கவிழும். பனங்குற்றி நாலை அடுக்கி, இரண்டு பக்கமும் ஆப்பு அறைந்து, ஜக்கை வைத்துப் பிரித்தோம். பகல் முழுக்கப் போனது. ஆனால் நான் இந்த மிசினை விளங்கிக்கொண்டது இன்றுதான். இருபது வருடம் ஓட்டியபோது தெரியாதது.

2024 ஆகஸ்ட் 17, சனி

யாழ்ப்பாணத்து லேத் கடையில் லைனர் இறக்கிப் புதிது அழுத்தியாயிற்று. துளை 3.6 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 5 அங்குலம். மூன்று சிலிண்டரும் சேர்ந்து இரண்டரை லீற்றர். கிராங்கை மைக்ரோமீற்றரில் அளந்தார்கள். தேய்மானம் கணக்கில் எடுக்கத் தேவையில்லை, ஸ்ராண்டட் அளவு பேரிங்கே போதும். அப்பப்பாவும் அப்பாவும் ஒயில் மாற்றத் தவறாததன் பலன் அது.

பிஸ்டன் ரிங்ஸ் வாங்கிய கடையில்தான் இழுபறி. பெட்டியில் 35 என்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு ரிங்கைத் தனியாக லைனருக்குள் இறக்கி, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனை இடைவெளியில் ஃபீலர் தகட்டை விட்டுப் பார்த்தேன். நான் வைத்த தகடெல்லாம் தடையில்லாமல் போய்வந்தது, இடைவெளி அவ்வளவு பெரிது. வேறு எஞ்சினின் ரிங். இதை அளக்காமல் போட்டிருந்தால் புகையும் ஒயிலுமாகப் பிறகு அழுதிருப்போம். திருப்பிக் கொடுக்க இரண்டு தரம் போய்வந்தேன். தயவுசெய்து பெட்டியை நம்பாதீர்கள், அளந்து போடுங்கள்.

2024 ஆகஸ்ட் 25, ஞாயிறு

கிராங் பின்பக்க சீல் இன்று. இது ரப்பர் இல்லை, கயிறு. கிறீஸ் ஊறிய கயிற்றை அரைவட்டப் பள்ளத்தில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பெருவிரலால் அழுத்தி அழுத்தி இருத்த வேண்டும். முனைகளை மட்டமாக வெட்டிவிடக் கூடாது. மயிரிழை அளவு வெளியே நீட்டி நிற்க வேண்டும், அப்போதுதான் இரண்டு பாதியும் சேரும்போது முனையும் முனையும் நெருக்கிக்கொள்ளும். அண்ணை சவர அலகால் வெட்டினார். மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2024 செப்டெம்பர் 1, ஞாயிறு

டீசல் பம்ப் திருத்தி வந்திருக்கிறது. உள்ளே தண்ணீர் போய் ரோட்டர் இறுகியிருந்ததாம். அந்தப் பம்புக்கு டீசலைத் தவிர வேறு எண்ணெய் கிடையாது. ரோட்டருக்கும் அது சுழல்கிற துளைக்கும் இடையில் கண்ணால் பார்க்கக்கூடிய இடைவெளியே இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் நாட்கணக்கில் நின்றால் போதும். கழற்ற முன்னமே பம்பின் விளிம்பிலும் எஞ்சினிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வைத்திருந்தேன். இன்று கோட்டோடு கோடு பொருந்தியது.

2024 செப்டெம்பர் 15, ஞாயிறு

ஓடுகிறது.

காலையில் டப்பெட் வைத்தோம், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்தோம். எஞ்சின் குளிராக இருக்கும்போது அங்குலத்தில் ஆயிரத்தில் 12, சூடாகிய பிறகு 10. ஆறு வால்வு. பிறகு டீசல் குழாய்களில் நிற்கிற காத்தை எடுக்கிற வேலை. அப்பா டீசல் ஏற்றுகிற சின்னப் பம்பின் கைப்பிடியை அமத்த, நான் முதலில் ஃபில்டர் ஆணியை இளக்கினேன். நுரை, சவர்க்காரத் தண்ணீர்போல. கொஞ்ச நேரத்தில் நுரைக்கு நடுவே தனித்தனிக் குமிழி. பிறகு குமிழியே இல்லாமல் வழுவழுவென்று டீசல். இறுக்கு. அடுத்தது பம்பின் பக்க ஆணி, அதன்பிறகு மேல் ஆணி. கடைசியாக இன்ஜெக்டர் நட்டு மூன்றையும் இளக்கி ஸ்ராட்டரைப் பிடித்தோம். மூன்றிலும் டீசல் துப்பியதும் இறுக்கினோம்.

இரண்டாந்தரம் பிடித்ததும் வெள்ளைப் புகை. ஒரு சிலிண்டர், பிறகு இரண்டு, நொண்டி நொண்டி. மூன்றாவது சேர்ந்த இடத்தில் சத்தம் மாறியது. மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸின் அந்தத் துள்ளலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். நாலு சிலிண்டர் போல இழையாது, மத்தளம்போல விட்டு விட்டு விழும். ஒயில் முள்ளு ஏறியது. அம்மா குசினியிலிருந்து வெளியே வந்து ஒன்றும் சொல்லாமல் நின்றா. 2009க்குப் பிறகு அந்தச் சத்தத்தை எங்கள் முற்றத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

35இலும் முந்தி வந்தது நாலு சிலிண்டர் டீசல். குளிரில் ஸ்ராட் எடுப்பது பெரும்பாடு என்று பெயர் எடுத்தது. 1959 கடைசியில்தான் பேர்க்கின்ஸின் இந்த மூன்று சிலிண்டரைப் போட்டார்கள். 1964 கடைசியில் அடுத்த மொடலான 135 வந்தபோதும் இதே எஞ்சின் குடும்பம்தான். அதனால்தான் இன்றைக்கும் எங்களுக்குச் சாமான் கிடைக்கிறது.

நிறுத்தியதும் அப்பா தேடியது ரின்பால் பேணி. குழாய் சூடு ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

2024 செப்டெம்பர் 21, சனி

காலையில் ஜனாதிபதித் தேர்தலுக்கு வாக்குப் போட்டுவிட்டு வந்து கலப்பையைத் தூக்குகிற லிஃப்டைத் திறந்தோம்.

உள்ளே ஒயில் பால்தேத்தண்ணி நிறம். கியர்த்தடியின் ரப்பர் வெடித்து, மழை அதனால் இறங்கியிருக்கிறது. கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஒயில் என்பதால் கெட்டால் எல்லாம் கெடும். டீசலால் இரண்டு தரம் கழுவி, புது ஒயில் விட்டு, பம்பின் வால்வுகளைச் சுத்தம் செய்து போட்டோம்.

இந்த லிஃப்டுதான் மசியின் உயிர். கலப்பையை மூன்று இடத்தில் பிடித்து, எஞ்சின் பலத்தால் தூக்கி, ஆழத்தையும் தானே பார்த்துக்கொள்கிற முறை ஹரி பேர்குசனுடையது. கீழே இரண்டு கை கலப்பையை இழுக்கும். மேலே உள்ள ஒற்றைக் கை ஒரு சுருளில் முட்டிக்கொண்டு நிற்கும். கொழு இறுகிய மண்ணில் ஆழமாக இறங்கினால் மேல்கை சுருளை அமத்தும். சுருள் வால்வை அசைக்க, லிஃப்ட் கலப்பையை ஒரு சொட்டுத் தூக்கிக் கொடுக்கும். மண் இளகியதும் பழையபடி இறக்கும். பாரம் பின் சில்லில் விழும், சில்லு வழுக்காது. அப்பாவுக்கு இதை யாரும் படிப்பிக்கவில்லை. "மாட்டுக் கலப்பையில மேழி பிடிக்கிறவன்ர கைதான் அந்தச் சுருள்" என்றார். கையில் பாரம் தெரிந்ததும் தளர்த்திக் கொடுப்பது, பிறகு அமத்துவது. சின்ன வயதில் மாடு கட்டி உழுதவர். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பின்னேரம் கலப்பையில் நானும் அண்ணையும் ஏறி நின்றோம். தூக்கியது. கால் மணி நேரம் இறங்காமல் நின்றது.

2024 செப்டெம்பர் 29, ஞாயிறு

பின் ரயர் 11-28 புதிது. முன்னுக்குப் பாவித்தது. பற்றரி கடனுக்கு.

2024 ஒக்ரோபர் 5, சனி

வாய்க்கால் ஓரத்து அரை ஏக்கரில் புழுதி உழவு. மண் காய்ந்து கட்டியாகக் கிடக்கிறது, மழைக்கு முன் நெல்லை விதைத்துவிட வேண்டும். முதல் சாலில் கொழு இறங்க மறுத்தது. மேல்கையை ஒரு முறுக்குக் குறைத்ததும் மூக்குக் குத்திப் பிடித்துக்கொண்டது. நடு வயலில் இறுகிய திட்டு ஒன்று. எஞ்சின் ஒரு தரம் கம்மியது, எனக்குப் பின்னால் கலப்பை ஒரு விரற்கடை எழும்பியது, தாண்டியதும் தானாக இறங்கியது. நான் நெம்பைத் தொடவே இல்லை.

அப்பா மற்கார்ட்டில் குந்தி இருந்தார். முழங்கால் ஏலாது, வேண்டாம் என்றும் கேட்கவில்லை. மூன்றாம் சாலில் என் தோளைத் தட்டினார். "ரெண்டாவதில டப்பெட் சத்தம் கேக்குது. எப்பிடியும் புது ஹெட் கேஸ்கற்றுக்கு ஒருக்கா இறுக்கத்தான் வேணும். ஹெட்டை இறுக்கிப்போட்டு டப்பெட்டை வைப்பம்." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, சூட்டோடு மூடியைத் திறந்து, ஹெட் போல்ட்டுகளை இறுக்கிவிட்டுத் தகட்டை விட்டுப் பார்த்தேன். இரண்டாவதின் புகை வால்வில் 10 தகடு போய், 12உம் போனது.

நாளைக்கு மிச்ச ஐந்தையும் பார்க்க வேண்டும். ஃபீலர் தகட்டை அப்பா இப்போதே சேட்டுப் பைக்குள் எடுத்து வைத்துவிட்டார்.