மித்தி ஆற்றின் கரையோரமாக ஒரு பயணம்

மும்பையின் விகார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழியும் நீர்தான் மித்தி ஆறாகிறது. மாஹிம் கழிமுகம் வரை ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆற்றை, தாராவியில் அத்தை வீட்டில் தங்கியிருந்த மழைக்கால இறுதியில், இயன்றவரை கரையோரமாகவே தொடர்ந்து பார்த்தேன்.

மேல்பகுதியில் உள்ள ஆரேயில் ஆற்றுக்கு இன்னும் மண்கரை இருக்கிறது. புல்லும் புதரும் நீர்விளிம்பு வரை இறங்கியிருப்பதால், வெள்ளம் ஏறும்போது பரவி நிற்கவும் பின்னர் மெல்ல மண்ணுக்குள் இறங்கவும் இடமுண்டு. தட்டான்கள் பறந்துகொண்டிருந்த அந்த ஈர விளிம்பும் ஆற்றின் பகுதியே என்பது என் உறுதியான எண்ணம்.

சாக்கி நாக்காவைத் தாண்டினால் பட்டறைக் கழிவு. விமான நிலையத்தில் ஓடுபாதைக்காகத் திருப்பிவிடப்பட்ட ஆறு. அப்பால், சதுப்பு நிலத்தைத் தூர்த்து எழுப்பிய பாந்த்ரா குர்லா வளாகம். 2005 ஜூலை 26 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய பிறகு, ஆற்றை அகலப்படுத்திப் பல இடங்களில் கான்கிரீட் தடுப்புச்சுவர் எழுப்பினார்கள். அந்த வெள்ளத்தைக் கண்டவர்கள் சுவர் கேட்டது நியாயம்தான். ஆயினும் சுவர் எழுந்த இடத்தில் புல்லுக்கும் தவளைக்கும் ஓரடி நிலம்கூட மிஞ்சவில்லை.

தாராவியை ஒட்டிய மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவில்தான் நெடுநேரம் நின்றேன். திருநெல்வேலியிலிருந்து மணமாகி வந்த அத்தை, "நான் வந்த புதுசுல அது வெறும் குப்பைமேடுய்யா, மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் கடந்து போவோம்" என்றார். அந்தக் குப்பையின் மேல் 1983இல் மரம் நடத் தொடங்கி, 1994இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இன்று அது சுமார் 37 ஏக்கர் காடு. அதன் ஓரத்தில், ஓதநீர் வற்றிய சேற்றில், கண்டல் மரங்களின் மூச்சுவேர்கள் விரல்களைப் போல நிமிர்ந்து நின்றன. அவற்றில் பாலித்தீன் பைகள் சுற்றிக்கிடந்தது மனத்தை வருத்தியது. அந்த வேர்கள் காற்றை இழுப்பதே சேற்றுக்கு மேல் நீண்டிருக்கும் அந்தப் பகுதியால்தான்.

கண்டல் காடுகளை அழிப்பதற்கு எதிரான 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அவற்றைச் சுற்றிக் கட்டுமானம் இல்லாமல் 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதையும் பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. கண்டல் வளராத மேல்பகுதி நன்னீர்க் கரைக்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது. மகாராஷ்டிர அரசோ, ஆற்றோரப் பகுதிகளுக்கென வைத்திருந்த ஒழுங்குமுறைக் கொள்கையையும் 2015இல் கைவிட்டுவிட்டது. ஆரேயில் எஞ்சியிருக்கும் மண்கரைக்கும் அதுபோல ஓர் எல்லையைக் குறித்து, அதற்குள் சுவரோ கட்டடமோ வரக்கூடாது என்று அரசு எழுத்தில் வகுக்க வேண்டும். தாராவியில் கழிமுகத்தருகே வாழும் நம் மக்களும் இதைக் கேட்க வேண்டும், ஏனெனில் மேலே நிற்க இடமில்லாத மழைநீர் முழுவதும் அவர்கள் பக்கமாகத்தான் இறங்குகிறது.