பதினெட்டாம் மாடியில் ஒரு பாவாடை

ஊர் திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் மச்சான் அவிநாசி ரோடு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டான். நேற்று பேக்கரியில் டீ குடிக்கப் போனால், "என்னங்க, சீனாவில் லுங்கியை ஏலம் விட்டீர்களாமே, எவ்வளவுக்குப் போனது?" என்று கல்லாவில் இருந்தவர் கேட்கிறார். ஏலம் எல்லாம் இல்லை. பேரம் ஒன்பது வரைக்கும் போனது, அவ்வளவுதான். மச்சான் சொல்வதை நம்புவதற்கு முன்னால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

பாலியெஸ்டர் துணி பார்க்கக் கேச்சியாவ் போயிருந்தேன். திருப்பூரில் பாதிப் பேர் பருத்தியை விட்டு விளையாட்டு உடுப்புக்கு மாறப் பார்க்கிறார்கள். அந்தப் பாதியில் நானும் ஒருவன். கோவையில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, ஹாங்சோவில் இறங்கி, அங்கிருந்து காரில். ஷாவோசிங் மாநகரைச் சேர்ந்த ஊர். ஊர் என்பதைவிடத் துணிக்கடை என்று சொல்லிவிடலாம். ஒரு கட்டடத்துக் கடைகளைப் பார்த்து முடிப்பதற்குள் காலுக்கு எண்ணெய் தேய்க்க ஆள் தேட வேண்டும். மச்சான் இந்த முறை வரவில்லை. போன முறை அலமாரியில் இருந்த சிவப்புப் பெட்டியைக் காபித்தூள் டப்பா என்று நினைத்து உடைத்துவிட்டான். தீப்பிடித்தால் முகத்தில் மாட்டிக்கொள்கிற புகைக்கவசம் அது. முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவில் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி வைத்திருந்த அறை வேறு. திரையை இறக்கும் பொத்தானைக் கண்டுபிடிக்கும் வரை மூன்று நாள் ஒருவர் குளிக்கும்போது மற்றவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சாலையைப் பார்த்தோம். மச்சான் உறவு நிலைக்க வேண்டுமென்றால் தனியாகப் போவதே நல்லது.

வரவேற்பில் கொடுத்த அறை எண் 1808. அம்மாவிடம் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "முன்னால் எட்டு, பின்னால் எட்டு. கூட்டிப் பார், பதினேழு, அதுவும் எட்டு. ராசிக்கு அஷ்டமத்துச் சனி நடக்கும்போது வேறு அறையே கிடைக்கவில்லையா?" என்றார். அந்த ஊரில் எட்டுதான் அதிர்ஷ்டம், பீஜிங் ஒலிம்பிக்கையே 2008 எட்டாம் மாதம் எட்டாம் தேதி இரவு எட்டு மணிக்குத்தான் தொடங்கினார்கள் என்றேன். "அவர்களுக்குச் சனி எந்த வீட்டில் இருந்ததோ" என்று வைத்துவிட்டார்.

அவர்களுக்கு ஆகாதது நான்கு. அந்தச் சொல்லும் சாவைக் குறிக்கும் சொல்லும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்குமாம். அதனால் லிஃப்டில் மூன்றுக்கு அடுத்து ஐந்து. வெள்ளைக்காரர்களுக்கு ஆகாத பதின்மூன்றையும் சேர்த்துத் தள்ளி, பன்னிரண்டுக்கு அடுத்து நேராகப் பதினைந்து. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், என் பதினெட்டாம் மாடி உண்மையில் பதினைந்தாம் மாடி. நூறு மீட்டர் என்று சீட்டு ஒட்டி உள்ளே தொண்ணூற்றேழு சுற்றி அனுப்புகிற துணி உருளை நினைவுக்கு வந்து, முதல் நாளே வயிறு எரிந்தது.

இதில் புரட்டாசி வேறு. ஐந்து சனிக்கிழமையும் கவிச்சி தொடமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை மட்டும் என்று நான் நினைத்தேன். மாதம் முழுக்க என்று அம்மா நினைத்தார். அம்மா நினைத்ததுதான் நின்றது. அந்த ஊர் உணவகத்தில் சைவம் என்று எழுதிக் காட்டினால் தலையை ஆட்டுகிறார்கள், பீன்ஸ் பொரியலும் வருகிறது. ஆனால் நம் ஊரில் தேங்காய்த் துருவல் தூவுவதுபோல மேலே பன்றிக்கறித் துருவல் தூவி இருக்கிறது. அது கறியில் சேராதாம். காலைச் சாப்பாட்டில் எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று: பெரிய அண்டாவில் உப்பில்லாத அரிசிக்கஞ்சி, பக்கத்தில் உப்பில் ஊறிய காய். கஞ்சியில் இருந்து தப்பிக்கத்தான் தாத்தா காடு கழனியை விட்டு விசைத்தறி போட்டார், அப்பா பனியன் கம்பெனி வைத்தார். பேரன் மூன்று தேசம் தாண்டிப் போய், நட்சத்திர ஓட்டலில் கியூவில் நின்று கஞ்சி வாங்கிக் குடித்தேன்.

இராத்திரிக்கு ஒரு வழி செய்திருந்தேன். அம்மா கொடுத்துவிட்ட பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நாரத்தங்காய் ஊறுகாய் மூன்றும் பெட்டியில் இருந்தன. ஓட்டலில் வெள்ளைச் சோறு மட்டும் சொன்னால் போதும். மூன்றாம் நாள் இரவு சோற்றுக்குச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்துக்கொண்டிருக்கும்போதே அறைத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் ஒரு பெண் குரல், சீனத்தில், மூச்சு விடாமல். தவறான எண் என்று வைத்தேன். மறுபடி அடித்தது, அதே குரல், அதே வேகம். மூன்றாவது முறைதான் உறைத்தது, கதவுக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள்.

லுங்கியைச் சுற்றி, துண்டைத் தோளில் போட்டுக் கதவைத் திறந்தால் ரோபோ. இடுப்பு உயரம், பால் கேன் மாதிரி உருவம், நெற்றியில் இரண்டு நீலக் கண்கள். தானாகவே லிஃப்டில் ஏறி வந்து, தானாகவே போன் செய்து, நான் இரண்டு முறை முகத்தில் அடித்ததுபோல வைத்தும் கோபித்துக்கொள்ளாமல் நின்றிருக்கிறது. திரையில் தொட்டதும் தலை திறந்தது. உள்ளே சோற்று டப்பா. எடுத்துவிட்டு மூடும் பொத்தானை அழுத்தியதும் மூடிக்கொண்டு, ஏதோ நன்றி மாதிரி சொல்லிவிட்டுத் திரும்பி உருண்டது. அது போகிற அழகைப் பார்க்க ஓர் அடி, ஒரே ஓர் அடி வெளியே வைத்தேன். பின்னால் கதவு 'டொக்'.

கதவைத் திறக்கும் அட்டை உள்ளே. அதைச் சுவர்ச் செருகியில் வைத்தால்தானே விளக்கு எரியும்? செல்போன், மூக்குக்கண்ணாடி, பாஸ்போர்ட், சட்டை எல்லாமே உள்ளே. வெளியே நானும், நீலக் கட்டம் போட்ட குடியாத்தம் லுங்கியும், துண்டும், சோறும். தெரிந்த முகம் என்று அந்த நடைகூடத்தில் இருந்தது ரோபோ ஒன்றுதான். அதன் பின்னாலேயே ஓடி லிஃப்டில் ஏறிக்கொண்டேன். ஒன்பதாம் மாடியில் கோட்டுச் சூட்டோடு ஏற வந்த இருவர் ரோபோவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், அடுத்த லிஃப்டில் வருகிறோம் என்று கையைக் காட்டிவிட்டார்கள்.

அன்னதானப் பந்தியில் இருந்து பாதியில் எழுந்து வந்தவன்போல வரவேற்பு மேசை முன்னால் நின்றேன். இருந்தது ஒரு சின்னப் பெண். என் மகளைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். சிரிக்கவில்லை, அதற்கே கும்பிட வேண்டும். பாஸ்போர்ட் என்றாள். உள்ளே என்று மேலே காட்டினேன். சரி என்று கேமராவை என் பக்கம் திருப்பினாள். வந்த அன்று எடுத்த படத்தில் நான் கண்ணாடியும் சட்டையும் சீவிய தலையுமாக இருந்தேன். இப்போது மூன்றுமே இல்லை. திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் கைபேசியை எடுத்து அதில் ஏதோ பேசி என் முன்னால் நீட்டினாள். அது இந்தியில் பேசியது.

1965இல் கல்லூரி வாசலில் மறியல் செய்து அடி வாங்கியவர் என் அப்பா. அவர் பிள்ளைக்கு ஷாவோசிங்கில் வைத்து, அதுவும் சட்டை இல்லாத நேரத்தில், இந்தி. "நோ இந்தி. தமிழ்" என்றேன். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே போய் 'தமிழ்' என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, இதுவா என்று கண்ணால் கேட்டாள். நம் ஊர் வங்கியில் கிடைக்காத மரியாதை. கண் கலங்கியது என்று எழுதலாம்தான், ஆனால் அதற்குள் கைபேசி பேசிவிட்டது: "பாவாடையில் நீங்கள் குளிர்ச்சியாக இருக்கிறீர்கள். அதிகமாகச் சூடான நீர் குடி." கையோடு ஒரு காகிதக் கோப்பையில் வெந்நீரும் வந்தது.

காவலாளி மாற்று அட்டையோடு வரும் வரை சோபாவில் உட்காரச் சொன்னாள். அங்கே ஏற்கெனவே ஒரு பெரியவர் இருந்தார். கேச்சியாவில் லாபியில் உட்கார்ந்திருப்பவர் வேறு என்ன தொழில் செய்வார், துணிதான். நான் உட்கார்ந்ததுதான் தாமதம், லுங்கியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். கசக்கினார். விட்டுப் பார்த்தார். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து இழை எண்ணப் பார்த்தார், நான் கையைப் பிடித்து இறக்கினேன். நானும் அப்படித்தான், கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் சட்டையைத் தேய்த்துப் பார்த்து வீட்டில் வசவு வாங்குபவன். ஆகவே கோபம் வரவில்லை. "காட்டன்" என்றேன். "ஹாவ், ஹாவ்" என்றார்.

பிறகு கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி, மற்ற மூன்றையும் மடக்கிக் காட்டினார். நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஷாவோசிங் அரிசி மதுவுக்குப் பேர் போன ஊர் வேறு. பெரியவர் குடிக்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, புரட்டாசியை மனதில் வைத்து வேண்டாம் என்று தலையாட்டினேன். யோசித்துவிட்டு ஐந்து விரல்களையும் நுனியில் குவித்துக் காட்டினார். ஓ, பசி போலிருக்கிறது, சோற்று டப்பாவைப் பார்த்துக் கேட்கிறார். இருப்பது ஒரு டப்பா. சங்கடத்தோடு அதற்கும் தலையாட்டினேன். பெரியவர் முகம் இறுகியது. கட்டைவிரலைத் தூக்கி, ஆள்காட்டி விரலை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். துப்பாக்கி! ஒரு வாய் சோறு கொடுக்காததற்குச் சுடுவார்களா? டப்பாவை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை, ஆள்காட்டி விரலைத் தூண்டில்முள்போல வளைத்துக் காட்டினார்.

அந்தப் பெண் ஓடி வந்து கைபேசியை நடுவில் வைத்தாள். "மூத்தவர் உங்கள் பாவாடையை வாங்க விரும்புகிறார்" என்றது அது.

ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. ஒற்றைக் கையிலேயே பத்து வரை எண்ணுகிறவர்கள் அவர்கள். நான் ஆட்டிய ஒவ்வொரு தலையாட்டலுக்கும் விலை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்தே ஒரு ஜோடிக் காளைக்கு விலை முடித்தவர் என் தாத்தா. அவர் பேரன் இப்படிப் பேரம் பேசுகிறோம் என்றே தெரியாமல் ஒன்றரை மடங்கு ஏற்றினேன், அந்தப் பெருமையையாவது மச்சான் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஒன்பது என்றால் லுங்கி ஒன்றுக்கு ஒன்பதா, மீட்டருக்கா, எத்தனை ஆயிரம் மீட்டர் கேட்டார் என்பதெல்லாம் விளங்குவதற்குள் காவலாளி வந்துவிட்டார். உடுத்தியிருக்கும் சரக்கை மாதிரியாகக் கழற்றிக் கொடுக்கவும் வழியில்லை. பெரியவர் எழுந்து நின்று கை கொடுத்தார். மறுநாள் அவரைக் காணவில்லை. மொத்தப் பயணத்தில் என்னிடம் கொள்முதல் செய்ய வந்த ஒரே ஆள் அவர்தான்.

அறைக்கு வந்தால் சோறு ஆறிவிட்டது. பருப்புப்பொடி போட்டுப் பிசைந்து முதல் கவளத்தை எடுக்கையில் அம்மா கூப்பிட்டார். அங்கே இரவு ஒன்பது என்றால் எனக்குப் பதினொன்றரை. முழுக் கதையையும் சொன்னேன். எட்டைப் பற்றித்தான் முதலில் சொல்லிக்காட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அது சரி, அந்த ரோபோப் பிள்ளை அத்தனை மாடி ஏறி வந்து சோறு கொடுத்ததே, ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாயா?"

"அம்மா, அது இயந்திரம்."

"எதுவாக இருந்தால் என்ன? வாசலுக்கு வந்ததை வெறும் கையோடு அனுப்புவதா? பெட்டியில் கடலைமிட்டாய் இருக்கிறது பார்."

கடைசி நாள் இரவு இரண்டு பாட்டில் தண்ணீர் கேட்டேன். வந்தது. இந்த முறை அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். பாட்டில்களை எடுத்துவிட்டு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை உள்ளே வைத்தேன். மூடிக்கொண்டு போனது. கீழே அந்தப் பெண் எடுத்துக்கொள்வாள் என்று நினைத்துப் பெட்டி கட்டத் தொடங்கினேன்.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது. அதே குரல். திறந்தால் அதே ரோபோ, உள்ளே என் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே. மேலே ஒரு துண்டுச் சீட்டு. கைபேசியைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள், கோலம் போடுவதுபோல. 'ங்'கின் புள்ளி பக்கத்து எழுத்தின் தலைக்குப் போயிருந்தது. 'ள்' ஒரு நத்தை.

"நீங்கள் மறந்த செங்கல்."

ரோபோ போகாமல் நின்றது. பிறகுதான் மூடும் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கடித்துவிட்டு, மீதியை மறுபடி உள்ளேயே வைத்தேன். கடித்த தடத்தோடு அந்த ஒன்றையும்தான், இல்லாவிட்டால் அது தின்கிற பண்டம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பொத்தானை அழுத்தினேன். "போய்விட்டு வா, கண்ணு" என்றேன். லிஃப்ட் மூடும் வரை வாசற்படியைத் தாண்டவில்லை.