பாட்டாவின் கல்

"எடே, என் கல்ல எவன் எடுத்தான்?"

காலையில் குளிமுறியிலிருந்து பாட்டாவின் சத்தம்.

உடம்பு தேய்க்கிற கல். பழையாற்றில் பொறுக்கியது. ஒரு பக்கம் தேய்ந்து கோழிமுட்டை மாதிரி வழுவழுவென்று இருக்கும், மறுபக்கம் சொரசொரப்பு. நேற்று முற்றம் பெருக்கும்போது குப்பையோடு தள்ளியது நான்தான்.

சந்தன சோப்பை நீட்டினேன். "மைசூர் ராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கினது பாட்டா."

"அப்ப ராஜா தேய்க்கட்டும்."

சரி, விட்டுவிட்டேன்.

குளியல் பிடிவாதம் பாட்டாவுக்கு மட்டுமில்லை. நெப்போலியன் போர்முனைக்கும் கொலோன் வாசனைத் தண்ணீர்ப் புட்டியோடு போனவர். காந்தி சோப்பே போடாமல், சீடர் மீரா பென் கொடுத்த கல்லால் தேய்த்துக் குளித்தவர். 1947-இல் வங்காளத்து நவகாளி நடைப்பயணத்தில் பேத்தி முறையான மனு அதை ஓர் ஊரில் மறந்து வைத்துவிட, கலவர பூமியில் அவளைத் தனியாகத் திரும்ப அனுப்பினார். ஒரு கல்லுக்காக அந்தச் சின்னப் பெண்ணை அப்படி அனுப்பியிருக்க வேண்டுமா என்று எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் கன்னியாகுமரி காந்தி மண்டபத்துக்குப் போகும்போதெல்லாம், அஸ்தி வைத்த இடத்தைவிட அந்தக் கல்தான் நினைவுக்கு வருகிறது.

வாழை மூட்டில் கிடந்தது பாட்டாவின் கல். கழுவிக் கொடுத்தேன்.

வாங்கி, விரலால் அந்த வழுவழுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.