ஆறு நொடியில் எத்தனை துடிப்பு?

நர்சிங் மகப்பேறு செய்முறைத் தேர்வில், பிறந்த குழந்தையை மதிப்பிடச் சொன்னால் எல்லாருக்கும் முதலில் வாயில் வருவது அப்கார் அட்டவணைதான். இதயத் துடிப்பு, மூச்சு, தசைத் திறன், தூண்டலுக்கு எதிர்வினை, நிறம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண்; பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் போடுவது. 1953-ல் வர்ஜீனியா அப்கார் வெளியிட்டார் என்பதுவரை கடகடவென்று ஒப்பித்துவிடலாம்.

வேலூரில் எனக்கு வாய்த்த தேர்வாளர் அதையெல்லாம் கேட்கவே இல்லை. "குழந்தை அழவில்லையம்மா. ஒரு நிமிட மதிப்பெண் போட்ட பிறகுதானே ஆரம்பிப்பாய்?" என்றார். "இல்லை மேடம்" என்று உடனே சொல்லத் தெரிய வேண்டும். துடைத்து, தலையைச் சரியான நிலையில் வைத்து, முதுகைத் தேய்த்தும் மூச்சு வராவிட்டால், அந்த முதல் நிமிடத்துக்குள்ளேயே ஆம்பு பேக்கை, அதாவது கையால் அழுத்திக் குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் பையை, கையில் எடுத்திருக்க வேண்டும். அப்கார் என்பது குழந்தையின் நிலையைப் பதிவு செய்ய. உயிர்ப்பிக்கும் வேலை அதற்காகக் காத்திருக்காது.

ஆகவே பொம்மையை வைத்துக் கையால் பழகுங்கள். தொப்புள்கொடியின் அடியை இரண்டு விரலால் பிடித்து 6 நொடி எண்ணி, பத்தால் பெருக்க வேண்டும். 9 துடிப்பு என்றால் 90. நூறுக்குக் கீழே, மதிப்பெண் 1. இதைப் பதற்றத்தில் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

நிறத்தில்தான் புத்தகம் நம்மைக் குழப்பும். "உடல் முழுதும் இளஞ்சிவப்பு" என்ற வரி நம் ஊர்க் குழந்தைகளுக்கு எங்கே பொருந்துகிறது? தோலை விட்டுவிட்டு உதட்டையும் நாக்கையும் பாருங்கள். அவை சிவந்திருந்து கை, கால் மட்டும் நீலமாக இருந்தால் 1. முதல் நிமிடத்தில் இது சகஜம் என்பதால், பத்துக்குப் பத்து போட்டால் தேர்வாளர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

ஒரு கணக்கு: துடிப்பு 110, மெல்லிய அழுகை, கை கால் லேசாக மடங்கியிருக்கிறது, தூண்டினால் முகம் சுளிக்கிறது, கை கால் நீலம். துடிப்புக்கு 2, மற்ற நான்குக்கும் தலா 1; மொத்தம் 6.

மின்விசிறியை நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள். மே மாத வேலூரில் யாருக்குக் குளிரும் என்று தோன்றும்; ஈர உடம்போடு வரும் குழந்தைக்கு அந்தக் காற்றே போதும். ஈரத் துணியை அகற்றியதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எடை, அடையாளப் பட்டை, வைட்டமின் கே ஊசி எல்லாம் எளிதாக வந்துவிடும். ஐந்தாம் நிமிடத்தில் மதிப்பெண் 7-க்குக் கீழே இருந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 20 நிமிடம்வரை மீண்டும் பார்க்க வேண்டும். அப்போது என்ன சிகிச்சை நடந்துகொண்டிருந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.