‘செட் அசைடு’ புரியாமல் தவறவிட்ட பதினைந்து நாட்கள்

பாகப்பிரிவினை வழக்கின் சம்மன் எங்கள் பழைய முகவரிக்குப் போய்விட்டதால், எங்கள் தரப்பைக் கேட்காமலேயே ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை வந்துவிட்டது. விவரம் தெரிந்த 30 நாட்களுக்குள், அந்தத் தீர்ப்பாணையை நீக்கக் கோரி, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9, விதி 13இன் கீழ் மனுப் போட்டோம்; விசாரணையும் சிக்கலின்றி முடிந்தது.

உத்தரவை வழக்கறிஞரின் குமாஸ்தா கைப்பேசிக்கு ஆங்கிலத்தில் அனுப்பினார். அதில் ‘செட் அசைடு’ என்று கண்டதும், மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் மாதந்தோறும் பணம் ஒதுக்கி வைக்கும் பழக்கத்தில், நீதிபதி எங்கள் மனுவை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டார் என்றே பொருள் கொண்டேன். எதிர்த்தரப்புக்கு 15 நாட்களுக்குள் 2,000 ரூபாய் செலவுத்தொகை தர வேண்டும், தவறினால் மனு தானாகவே தள்ளுபடியாகும் என்று அடுத்து இருந்ததையும் படித்தேன்; ஆனால் மனுவே முடிவாகாதபோது பணம் எதற்கு என்று சும்மா இருந்துவிட்டேன்.

வாய்தா நாளில் இரண்டு பேருந்து மாறிப் போய் நின்றபோது, பெஞ்ச் கிளார்க் தலை நிமிராமலே, “பணம் கட்டலை, மனு தள்ளுபடி” என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “வக்கீலைக் கேளுங்க” என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

வழக்கறிஞர் விளக்கிய பிறகுதான், ஒதுக்கப்பட்டது எங்கள் மனு அன்று, எங்களுக்கு எதிரான தீர்ப்பாணை என்பது புரிந்தது. நீதிமன்ற மொழியில் அச்சொற்களுக்கு ரத்து செய்தல் என்று பொருள். ஏல விற்பனையானாலும் நடுவர் தீர்ப்பானாலும் அதே பொருள்தான். ஆகவே எது ‘செட் அசைடு’ செய்யப்படுகிறது என்பதை முதலில் பாருங்கள். பிறகு அதனுடன் நிபந்தனை ஏதேனும் ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். வென்ற மனுவை நானே தோற்கடித்திருக்கிறேன்.

நல்லவேளையாக, கெடு முடிந்த பிறகும் அதை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதே சட்டத்தின் பிரிவு 148 அதிகாரம் தருகிறது; ஆனால் பொதுவாக மொத்தத்தில் 30 நாட்களுக்கு மேல் நீட்டிக்க முடியாது என்பதால், அன்றே மனு எழுதினோம். நீதிபதி சற்றுக் கடிந்துகொண்டாலும் அனுமதித்தார். அன்று மாலையே தொகையை எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை, பணம் கட்டியதை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கும் மெமோவிலேயே வாங்கித் தாக்கல் செய்தோம். கையொப்பமில்லாமல் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

வழக்கு மீண்டும் கோப்புக்கு வந்துவிட்டது. வழக்குக்கு எங்கள் பதிலான எழுத்துரைக்காகப் போட்ட உத்தரவில் ‘கால் ஆன்’ என்று ஒரு தேதி இருந்தது. அன்று யாரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டியதில்லை, வழக்கைக் கூப்பிடும் நாள் அது என்பதை, இம்முறை வெட்கப்படாமல் குமாஸ்தாவிடம் கேட்டே உறுதிசெய்துகொண்டேன்.