திருமயத்தில் அறுந்த செருப்பு

செட்டிநாடு என்றாலே எல்லோரும் வீடு பார்க்கத்தான் கிளம்புகிறார்கள். பர்மா தேக்குத் தூண், கண்ணாடி மாதிரி வழுவழுக்கும் சுவர், மதியம் இலை நிறையச் சாப்பாடு. நானும் இரண்டு தடவை அப்படித்தான் போய் வந்தேன். இந்தத் தடவை பாறைகளுக்காகப் போனேன். இதையெல்லாம் மலை என்றால் கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

காரைக்குடியில் தங்கியிருந்த வீட்டு ஆச்சி முதல் நாளே சொல்லிவிட்டார்: "திருமயம் போறதா இருந்தா விடியக்காலமே போயிட்டு வந்துருங்க தம்பி. வெயில் ஏறினா பாறையில கால் வைக்க முடியாது." தலையை ஆட்டினேன். ஆனால் காலையில் அவரே வெள்ளைப் பணியாரம் சுட்டுப் போட்டால் யார் சீக்கிரம் எழுந்திருப்பது? திருமயம் வழியாகப் போகும் புதுக்கோட்டை பஸ் ஏறும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

நடை சாத்துவதற்குள் பார்த்துவிடலாம் என்று முதலில் கோயில்களுக்குப் போனேன். ஒரே பாறையைக் குடைந்து பக்கத்துப் பக்கத்தில் சத்தியகிரீஸ்வரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும். அண்ணன் தம்பி வீடுகள் மாதிரி நெருக்கம், அதே மாதிரி பங்குச் சண்டையும் உண்டு. 1245-இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் வந்து தீர்த்துவைத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது.

குடைவரைக்குள் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். மது, கைடபர் என்ற அசுரர்கள் வர, தூங்கும் பெருமாளை எழுப்பாமல் ஆதிசேஷனே நஞ்சைக் கக்கி விரட்டிவிட்டதாம். கேட்காமல் செய்துவிட்டோமே என்று பாம்புக்குப் பயம். பெருமாள் தட்டிக்கொடுக்கிறார். இருட்டுக்குக் கண் பழகியதும் அந்தக் கையைத்தான் தேடினேன்.

கோட்டைக்கு வந்தபோது உச்சி வெயில். 1687-இல் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி கட்டியது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பெயரால் ஊமையன் கோட்டை என்றும் சொல்கிறார்கள். ஏறும் வழியில் பாறையின் நெற்றியில் சதுரமாக ஒரு குடைவு, உள்ளே லிங்கம். போக இரும்பு ஏணி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். ஏணிக் கம்பியே சுட்டது. உள்ளே மட்டும் நல்ல குளிர்ச்சி. வௌவால் வாடையைப் பொறுத்துக்கொண்டால் அங்கேயே ஒரு தூக்கம் போடலாம்.

அப்புறம் உச்சி. கொத்தளத்தில் ஒரு பீரங்கி, சுற்றிலும் கண்மாய்களும் பனைகளும், கண்ணுக்கெட்டியவரை மட்டமான பூமி. ஏழு சுற்று மதில் இருந்த இடத்தில் இப்போது சிலதான் மிச்சம். மேலே நின்றால்தான் இந்த இடத்தில் ஏன் கோட்டை கட்டினார்கள் என்று புரிகிறது. எந்தத் திசையில் புழுதி கிளம்பினாலும் தெரிந்துவிடும்.

இறங்கும்போது செருப்பு வார் அறுந்தது. மீதி தூரம் எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். நிழல் தெரிந்த இடமெல்லாம் தாவித் தாவி, குரங்கு தோற்றது. கீழே சாலையோரம் கோட்டை பைரவருக்குச் சிதறுகாய் போட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர் என் காலைப் பார்த்துவிட்டு, தேங்காய்ச் சில்லு ஒன்றை நீட்டினார்.

குன்றக்குடி மலையை மறுநாளைக்குத் தள்ளிவைத்தேன். ஆச்சி வீட்டு முகப்பில் ஆத்தங்குடித் தரை. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்க்கிற கல் என்பதால் அப்படி ஒரு வழவழப்பு. வெந்த பாதத்தை அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை. செம்பில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் காலை ஒரு பார்வை பார்த்தார்.