குறிப்புக் கட்டம்

"அந்த ஒரு வரிய மட்டும் விட்டுருங்க சாரே" என்று அந்த அக்கா கேட்டதும், முடியாது என்று நான் சொன்னதும் நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு அடுத்தபடியாக நான் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு நாள் நினைத்தால் அது வழிகாட்டிய மாதிரி இருக்கும், இன்னொரு நாள் நினைத்தால் கையைக் கழுவிக்கொண்ட மாதிரி இருக்கும்.

2012. என் டி.டி.பி. கடைக்கு மொழிபெயர்க்க வந்தது அவருடைய அண்ணனின் ஞானஸ்நானச் சான்றிதழ். அண்ணன் அமெரிக்கக் குடிமகன், 2006-ல் தங்கையையும் அங்கே குடியேற்ற மனுப் போட்டிருந்தார். ஆறு வருஷம் கழித்து அங்குள்ள குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது: நீங்கள் இருவரும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்பதற்குச் சான்று அனுப்புங்கள், மூன்று மாதத்துக்குள். அறுபதுகளில் கடற்கரையில் பிறந்தவர்களுக்குப் பஞ்சாயத்தில் ஏது பதிவு? பதிவு இல்லை என்று ஒரு சான்று வாங்கி, அதோடு கோவில் புத்தகத்திலிருந்து, அதாவது தேவாலயப் பதிவேட்டிலிருந்து, எடுத்த ஞானஸ்நானச் சான்றையும் வைத்தால் ஏற்றுக்கொள்வார்கள். இங்கே டி.டி.பி. கடை நடத்துகிற எல்லோருக்கும் இது மனப்பாடம்.

பெயர், பிறந்த தேதி, தகப்பன், தாய், ஞானப்பெற்றோர் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அதில் பங்கு (ஒரு கோவிலைச் சேர்ந்த பகுதியை இப்படித்தான் சொல்வோம்) அலுவலகக் கணக்கரின் சாய்ந்த கையெழுத்தில் "17.01.1994 அன்று இப்பங்கில் திருமணம்" என்றும், பக்கத்தில் மணமகள் பெயரும் இருந்தன. நீல முத்திரையின் கால்வாசி அந்த வரியின் மேல் விழுந்திருந்தது. ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் போய், பழைய புத்தகத்தில் அவர் பெயருக்கு எதிரே எழுதி வைப்பது கத்தோலிக்க வழக்கம். ஒருத்தர் இரண்டாம் தடவை கட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான். 1872-ம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியை விலக்கி வைத்திருந்ததால், நம் பக்கத்துப் பழைய கல்யாணங்களுக்குக் கோவில் புத்தகத்தை விட்டால் வேறு காகிதமும் பெரும்பாலும் இருக்காது. இவருக்கு இருந்த ஒரே காகிதமும் இப்படி எதிரே வந்து நின்றது.

அண்ணன் 1996-ல் சுற்றுலா விசாவில் போனவர். 1997-ல் அங்கே ஒரு பெண்ணோடு பேப்பர் கல்யாணம். திருமணமாகாதவர் என்று எழுதி, பணம் கொடுத்து, இரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்ததாகக் காட்டி கிரீன் கார்டு. பிறகு குடியுரிமை, விவாகரத்து. 2004-ல் ஊருக்கு வந்து, பத்து வருஷத்துக்கு முன் தாலி கட்டிய அதே மனைவியைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் புதிதாகக் கட்டினார். இடையில் பிறந்த மகனைக் கல்யாணத்துக்கு முந்திய பிள்ளை என்று எழுதினார்களாம். "மைனி அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டு ரெண்டு நாள் சாப்பிடல்ல" என்றார் அந்த அக்கா, அண்ணியைப் பற்றி. ஊரே கூடி நின்று நடந்த கல்யாணம் அது.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் வரி வரியாக மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அல்லது அதுவும் பொய்யோ என்னவோ. அந்தத் தேதியைப் பார்த்த உடனே எனக்கு ஏதோ புரிந்துவிட்டது.

மொழிபெயர்ப்பின் கீழே நான் ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: முழுமையாகவும் சரியாகவும் மொழிபெயர்த்திருக்கிறேன், அதற்கான மொழித்தகுதி எனக்கு உண்டு என்று. அந்த "முழுமையாகவும்" என்ற சொல்லைக் காட்டித்தான் முடியாது என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. வெளியே மழை வேறு. "இது அனுப்பினா அண்ணனுக்க சோலி முடிஞ்சிரும், அனுப்பாட்டி எனக்க சோலி முடிஞ்சிரும்" என்றார். அப்போதுதான் சொன்னேன்:

"குறிப்பு இல்லாம, பிறப்பு விவரம் மட்டும் உள்ள சான்று சில பங்குல குடுப்பாங்க அக்கா. பங்குச் சாமியார்ட்ட கேட்டுப் பாருங்க."

பத்து நாளில் அப்படி ஒரு சான்றோடு வந்தார். அதே முத்திரை, அதே சாய்ந்த எழுத்து, குறிப்பு என்ற கட்டமே கிடையாது. மொழிபெயர்த்தேன். முழுமையாகவும் சரியாகவும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஒரு வார்த்தை பொய்யில்லை. 2013-ல் மனு ஏற்கப்பட்டது. ஒரு படி முறுக்கு கொண்டு வந்து தந்தார், வாங்கிக்கொண்டேன்.

ஏற்கப்பட்டால் உடனே விசா என்று இல்லை. சகோதரர்கள் பிரிவுக்கு வருஷத்துக்கு 65,000 விசாதான், அதிலும் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீத உச்சவரம்பு. இந்தியாவுக்கு 2006-ம் வருஷத்து மனுவின் முறை 2025-ல்தான் வந்தது. இதில் இன்னொரு சங்கதி: கூடப் போகும் பிள்ளைகள் 21 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், திருமணமாகாதவர்களாகவும் இருக்க வேண்டும். மனு நிலுவையில் கிடந்த ஏழு வருஷத்தை வயதில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் 27 வயது மகள் 20 ஆகிவிட்டாள். ஆனால் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. அதனால் மூன்று வருஷமாக வந்த வரன்களையெல்லாம் தள்ளிப்போட்டார்கள். மூன்றோ நான்கோ, அந்த அக்கா சொல்லும்போது விரல் விட்டு எண்ணினார், நான் எண்ணவில்லை.

போன வருஷம் மும்பையில் நேர்காணல். கேட்ட கேள்விகளில் ஒன்று, உங்கள் அண்ணனுக்கு எப்போது திருமணம். 2004 என்று சொல்லிப் பழகித்தான் போயிருந்தாராம். ஆனால் அந்த அதிகாரி தமிழிலேயே கேட்டுவிட்டாராம். "எனக்கு முந்தின வருஷம், தொண்ணூத்தி நாலு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு தாளைக் கொடுத்து, கூடுதல் பரிசீலனை என்று அனுப்பிவிட்டார்கள். சில மாதத்தில் அண்ணனுக்கு அங்கே கடிதம். அதன்பின் அண்ணன் தங்கையோடு பேசுவதில்லை.

பொய்த் திருமணத்துக்கு அங்கே ஐந்து வருஷச் சிறையும் 2,50,000 டாலர் அபராதமும் உண்டு. இத்தனை வருஷத்தில் அந்த வழக்குக்குக் காலம் கடந்திருக்கலாம். ஆனால் ஏமாற்றிப் பெற்ற குடியுரிமையை ரத்து செய்ய அரசு நீதிமன்றம் போவதற்குக் காலவரம்பு கிடையாது. அது போனால் தங்கையின் மனு நிற்க இடமில்லை, மனைவி அவர் வழியாகத்தான் போனவர். இன்னொன்றும் உண்டு. விசாவுக்காகப் பொய்யாகக் கல்யாணம் செய்தவர் என்று முடிவாகிவிட்டால், பிறகு அவருக்காகச் சொந்த மகனே மனுப் போட்டாலும் ஏற்க மாட்டார்கள். அதற்கு மன்னிப்பு மனு என்று ஒன்றும் இல்லை. தங்கை எந்தக் கல்யாணத்திலும் பொய் சொன்னவரில்லை. அண்ணனுக்காகப் பொய் சொன்னவரும் அண்ணனைப் பற்றி உண்மையைச் சொன்னவரும் அவர்தான் என்று இப்போது ஊரில் ஒரு பேச்சு.

என் பங்கு இதில் எவ்வளவு? முதல் சான்றையே அனுப்பியிருந்தால் 2012-லேயே அண்ணன் மாட்டியிருப்பார். தங்கைக்கு 13 வருஷக் காத்திருப்பு மிச்சம், மகளுக்கு அந்த வரன்கள் மிச்சம். எதையும் அனுப்பாமல் விட்டிருந்தால் மனு தள்ளுபடியாகி அண்ணன் தப்பித்திருப்பார். நான் காட்டிய வழியில் இரண்டு பேரும் போனார்கள். ஆனால் வழியை நான் காட்டாவிட்டால் அடுத்த கடையில் காட்டியிருப்பார்கள், அல்லது அந்த வரியை விட்டுவிட்டே எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதற்கும் ஆள் இருக்கிறது. இப்படி யோசித்தால் என் மேல் தப்பு குறைவாகத் தெரிகிறது. அப்புறம் அந்த முறுக்கு நினைவுக்கு வரும்.

இனி யாருக்கும் யோசனை சொல்வதில்லை, தாளில் இருப்பதை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். போன மாதம்கூட ஒருவருக்கு எந்த அலுவலகத்தில் எப்படிக் கேட்டால் எந்தச் சான்று கிடைக்கும் என்று அரைமணி நேரம் விளக்கினேன்.

சென்ற வாரம் அந்த மகள் வந்தாள். வரன் முடிவாகிவிட்டதாம், இனி விசாவுக்குக் காத்திருப்பதாக இல்லை. ஓலை வாசிக்க, அதாவது கல்யாணத்தைக் கோவிலில் முன்கூட்டியே அறிவிக்க, மாப்பிள்ளையின் பங்குக்கு அவளுடைய ஞானஸ்நானச் சான்று வேண்டும். அது கேரளா பக்கம், அதனால் ஆங்கிலத்தில். அம்மா ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. குறிப்புக் கட்டம் இருந்தது, அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இது காலியாத்தானே இருக்கு, இதையும் போடணுமா?" என்றாள்.

போடணும் என்றேன். காலி என்று டைப் அடித்தேன்.